சனம் முட்டாள் அல்ல, விளக்குத்தான் மோசம்

"சனத்துக்கு ஒழுங்காகப் பாவிக்கத் தெரியாது."

சூரிய விளக்கோ, சார்ஜ் ஏற்றுகிற ரோச் லைற்றோ, கொடுத்து ஒரு வருடம் ஆவதற்குள் செத்துப்போனால், கொடுத்தவர்களின் வாயிலிருந்து முதலில் விழுகிற வசனம் இது. தோட்டத்தில் துரைமார் சொல்கிறார்கள். வன்னியில் திட்டங்களோடு வருகிற உத்தியோகத்தர்கள் சொல்கிறார்கள். தொழிற்சங்க மேடைகளில் மாலையோடு அமர்ந்திருக்கும் சிலரும் தலையை ஆட்டி ஆமோதிக்கிறார்கள். தோழர்களே, இந்த வசனத்தை இனிமேல் யார் சொன்னாலும் இருந்த இடத்திலேயே மறுக்க வேண்டும். ஏன் மறுக்க வேண்டும், எப்படி மறுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் அக்கராயனில் இருந்து எழுதுகிறேன். பழுதான விளக்குகளைத் திறந்து பார்ப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்த விளக்குகளில் பல வகை என் மேசைக்கு வந்துவிட்டன. மலைநாட்டில் இருந்து உறவுக்காரர்கள் பையில் போட்டுக் கொண்டுவருகிற தோட்டத்து விளக்குகளும் வருகின்றன. மூடியைக் கழற்றினால் கதை ஒன்றுதான். பற்றரி ஊதிப் போயிருக்கும். பியூஸ் என்ற ஒன்று அங்கே இருந்ததற்கான அடையாளமே இருக்காது. சார்ஜ் ஏற்றுகிற ஓட்டையும் பல்ப் செருகுகிற ஓட்டையும் ஒரே அளவு, ஒரே வடிவம், பக்கத்துப் பக்கத்தில். இரவில், இருட்டில், அலுத்துப் போய் வந்த ஒரு மனிதர் கைதடவிச் செருக வேண்டும். அவர் ஒருநாள் மாற்றிச் செருகத்தான் செய்வார். அந்தத் தவறை அவர் செய்யவில்லை. அந்தப் பெட்டியைத் தயாரித்தவன் அதற்கான இடத்தைத் தயாராக வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

முதலில், "பாவிக்கத் தெரியாது" என்று சொல்லப்படுகிற இந்தச் சனம் யார் என்று பார்ப்போம்.

1977லும் 1983லும் அடிபட்டு மலையகத்தை விட்டு வந்த நம்முடைய ஆட்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். மலையாளபுரம், கிருஷ்ணபுரம், பாரதிபுரம், தொண்டமான்நகர், சாந்தபுரம் என்ற பெயர்களைக் கேட்டாலே இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்கு யாராவது ஒரு சித்தப்பாவோ அத்தையோ நினைவுக்கு வருவார்கள். 1990இல் யுத்தம் மறுபடி தொடங்கியபோது வடக்குக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. தடைப்பட்டியலில் பற்றரி இருந்தது. ஒரு ரோச் லைற் பற்றரி, ஒரு ரேடியோ பற்றரி, எதுவும் சோதனைச்சாவடியைத் தாண்டி வர முடியாது. மண்ணெண்ணெய் அளந்து வந்தது. அந்த நாட்களில் சனம் என்ன செய்தது? ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து, துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டு, இன்னும் சில நாள் உயிர் கொடுத்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவில் செய்தி கேட்டது.

டைனமோ விஷயத்தைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். சைக்கிள் டைனமோவில் இருந்து வருவது ஆடலோட்டம். ஆறு வோல்ற், மூன்று வாற் அளவு. ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நடுவில் நான்கு டயோட்டை ஒழுங்காகக் கட்டினால்தான் பாட்டு வரும். பள்ளிக்கூடம் பாதியில் விட்ட பையன்கள் அந்த நான்கு டயோட்டைப் பழைய பெட்டிகளில் இருந்து கழற்றி எடுத்து, ஈயம் உருக்கிப் பொருத்தினார்கள். அந்தச் சனத்தைப் பார்த்துத்தான் இன்றைக்கு ஒரு சட்டைக்காரர் வந்து "பாவிக்கத் தெரியாது" என்கிறார்.

சரி, விளக்கு ஏன் சாகிறது?

பெரும்பாலான கை விளக்குகளிலும் சிறு சூரிய விளக்குப் பெட்டிகளிலும் இருப்பது 12 வோல்ற் மூடிய ஈயப் பற்றரி. 7 அம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். கணக்குப் பார்த்தால் 84 வாற்-மணி. ஆனால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். முழுவதையும் உறிஞ்சி எடுத்தால் 200, 250 தடவையோடு பற்றரி ஓய்ந்துவிடும். பாதியில் நிறுத்தினால் அதைப் போல இரண்டு மடங்கு வரும். இன்னொன்று, காலியான ஈயப் பற்றரியை அப்படியே சில வாரம் மூலையில் வைத்தால் உள்ளே தகட்டில் உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய நிலைக்கு வராது. மழைக்காலத்தில் ஒரு கிழமை வெயில் இல்லை, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், விளக்கை விடிய விடிய எரித்தார்கள், பற்றரி காலி. இதில் பாவிக்கத் தெரியாத ஆள் எங்கே இருக்கிறார்? குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தானாக நிறுத்துகிற ஒரு சின்னச் சுற்று உள்ளே இருந்திருந்தால் பற்றரி பிழைத்திருக்கும். அதை வைக்காமல் காசு மிச்சம் பிடித்தது விற்றவன்.

மறுபக்கம் அதிகமாக ஏற்றினாலும் சாவுதான். "12 வோல்ற்" என்று விற்கிற சூரியத் தகட்டைச் சும்மா வெயிலில் பிடித்து அளந்தால் 21 வோல்ற்றுக்கு மேல் காட்டும். அதை நேராகப் பற்றரியில் கொடுத்தால் நாளடைவில் உள்ளே இருக்கிற நீர் வற்றிவிடும். 14.4 வோல்ற் அளவில் நிறுத்தி, பிறகு 13.6 அளவில் மெதுவாகப் பிடித்து வைக்கிற கட்டுப்பாட்டுக் கருவி நடுவில் இருக்க வேண்டும். இல்லாத பெட்டிகளை நான் எண்ணி முடிக்க முடியாது.

மூன்றாவது, தலைகீழ்த் தொடுப்பு. கறுப்பு வயரும் சிவப்பு வயரும் மாறிப்போவது. பற்றரியை ஜெனரேற்றர் உள்ள கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிய காலம் வன்னியில் எல்லோருக்கும் தெரியும். முதலைவாய்க் கிளிப்பை மாற்றிக் கவ்வவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

இவை மூன்றும் மனிதக் குணத்தால் வருகிற சாவு அல்ல. வயர் இழுத்த விதத்தால் வருகிற சாவு. அப்படியானால் வயர் எப்படி இழுக்க வேண்டும்? இது பெரிய இரகசியம் இல்லை, பொறியியலாளர் பட்டமும் தேவையில்லை. ஆகவே விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பேச்சுவார்த்தை மேசையில் "அதெல்லாம் தொழில்நுட்பம், உங்களுக்குப் புரியாது" என்று யாராவது தொடங்கினால் உதவும்.

பற்றரியின் நேர் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பல்ப்புக்குப் பக்கத்தில் வைக்கிற பியூஸ் வயரைக் காப்பாற்றாது. கைக்கு அடக்கமான அந்த 7 அம்பியர்-மணிப் பற்றரி, இரண்டு முனையும் முட்டினால் ஒரு கணத்தில் நூறு அம்பியருக்கு மேல் தள்ளக்கூடியது. மெல்லிய வயர் சிவந்து எரியும். சார்ஜ் ஏற்றும் வாயும் விளக்குக்குப் போகும் வாயும் வேறு வேறு வடிவத்தில் இருக்க வேண்டும், மாற்றிச் செருகப் பார்த்தாலும் உள்ளே போகக்கூடாது. சூரியத் தகட்டின் வயர் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் அந்த நான்கு டயோட் பாலம். ஆம், சைக்கிள் டைனமோவுக்குக் கட்டிய அதே நான்கு. வயரை எந்தப் பக்கம் மாற்றிக் கொடுத்தாலும் உள்ளே சரியான பக்கமே போகும். இரவில் பற்றரியில் இருந்து தகட்டுக்கு மின் திரும்பி ஓடுவதையும் அதுவே தடுத்துவிடும். ஒன்றரை வோல்ற் அளவு அதில் வீணாகும். தகடு வேலை செய்யும்போது 17 வோல்ற் தருவதால் அந்த இழப்பைத் தாங்கலாம். பாலத்துக்குப் பிறகுதான் கட்டுப்பாட்டுக் கருவி. பெட்டி மூடி சாதாரணத் திருப்புளியில் திறக்காத ஆணியில் பூட்டப்பட வேண்டும், ஆனால் சங்கம் நியமிக்கிற ஆளிடம் அதற்கான சாவி இருக்க வேண்டும். திறக்கவே முடியாதபடி ஒட்டிவிடுகிற வேலை வேண்டாம். அது பாதுகாப்புக்காகச் செய்வது அல்ல, அடுத்த விளக்கை விற்பதற்காகச் செய்வது.

கீழ் அளவில் நிறுத்துகிற விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பற்றரியைக் காப்பாற்ற விளக்கைச் சட்டென்று அணைத்துவிடுகிற பெட்டிகள் இருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் இருட்டில் நடந்து பார்த்தவர்கள் அல்ல. இங்கே குளத்தின் கீழ் வயல் காவலுக்குப் போகிறவனுக்குப் பன்றியும் யானையும் உண்டு. அங்கே தேயிலைக்குள் சிறுத்தை உண்டு. நடுவழியில் வெளிச்சம் ஒரேயடியாகப் போனால், மிஞ்சிய பற்றரி எவனுக்கு? ஆகவே இரண்டு படியாக வேண்டும். பாதி முடிந்ததும், 12.1 வோல்ற் அளவில், வெளிச்சம் ஐந்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சேர அது போதும். 11.8 அளவில்தான் முற்றாக நிற்க வேண்டும். மூன்று வாற் பல்ப் போட்டால் அந்தப் பாதியிலேயே 14 மணித்தியாலம் முழு வெளிச்சம் கிடைக்கும். நான்கைந்து மணித்தியாலம் எரிக்கிற வீட்டுக்கு மூன்று இரவு. வெயில் இல்லாத நாளுக்கும் அதுவே கைகொடுக்கும்.

லிதியம் பற்றரி விளக்கு என்றால் எண்கள் மாறும், நியாயம் மாறாது. ஒற்றைக் கலம் 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏறக்கூடாது, மூன்று வோல்ற்றுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. காவல் சுற்று இல்லாத கலத்தைத் தொடவே கூடாது. வாய் யூஎஸ்பி-சி ஆக இருக்கட்டும், அது எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் சரி. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கிற கைத்தொலைபேசிகளுக்கு இந்த ஒரே வாயைச் சட்டமாக்கியிருக்கிறது. அங்கே யாரும் "எங்கள் சனத்துக்குச் செருகத் தெரியாது" என்று சொல்லவில்லை. செருகல் மாறவே முடியாதபடி செய் என்று கம்பனிக்காரனுக்குச் சொன்னார்கள்.

இந்த முறையில் முன்னோடிகள் சுரங்கத் தொழிலாளர்கள். சுரங்கத்துக்குள் தீப்பொறி ஒன்று போதும், நூற்றுக்கணக்கில் சாவு. 1815இல் டேவி தன் பாதுகாப்பு விளக்கைச் செய்தார். பிறகு எடிசன் காலத்தில் இடுப்பில் பற்றரியும் தலையில் விளக்குமாக மின் விளக்கு வந்தது. அதில் நமக்குப் பாடம் என்னவென்றால், சுரங்கத் தொழிலாளி பற்றரிக்குப் பொறுப்பாளி அல்ல. பிரித்தானியாவின் 1911 நிலக்கரிச் சுரங்கச் சட்டப்படி, சுரங்க உரிமையாளர் வழங்கிய பாதுகாப்பு விளக்கைத் தவிர வேறொன்றைத் தொழிலாளி கொண்டுபோகக் கூடாது. விளக்கு அறை ஒன்று இருக்கும். வேலை முடிந்து வந்ததும் தொழிலாளி தன் இலக்கத்துக்குரிய கொக்கியில் விளக்கை மாட்டுவார். மாட்டுகிற முறையிலேயே மின் சரியான பக்கம் பாயும், வேறு விதமாக மாட்ட முடியாது. காலையில் வரும்போது முழு வேலை நேரத்துக்கும் போதுமான சார்ஜோடு தயாராக இருக்கும். சுரங்க முதலாளி இரக்கத்தால் இதைச் செய்யவில்லை. சாவுக்கும் சட்டத்துக்கும் சங்கத்துக்கும் பயந்து செய்தான்.

ஆங்கிலத்தில் இந்த மாதிரியான அமைப்புக்கு "முட்டாளாலும் கெடுக்க முடியாதது" என்று பொருள்படும் ஒரு சொல் இருக்கிறது. ஜப்பானிலும் முன்பு அதே பொருளில் "பாகா-யோகே" என்று சொன்னார்கள். 1963இல் அங்கே வாகன உடல் செய்கிற ஒரு தொழிற்சாலையில், தன் வேலைக்கு அப்படியொரு அமைப்புப் பொருத்தப் போகிறார்கள் என்று கேட்ட ஒரு பெண் தொழிலாளி, நான் அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டார். ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியியலாளர் அதன் பிறகு சொல்லையே மாற்றினார்: "போகா-யோகே", தவறு நேராமல் தடுப்பது. முட்டாள் போய்விட்டார், தவறு மட்டும் மிஞ்சியது. ஜப்பானிய முதலாளிகளைப் புகழ எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் ஒரு பெண் தொழிலாளியின் கண்ணீருக்காக ஒரு சொல்லை மாற்ற அங்கே ஒரு பொறியியலாளர் இருந்தார். இங்கே அந்தச் சொல்லை மைக்கில் சொல்கிறார்கள்.

இனி நம்முடைய ஆட்களே எழுப்புகிற மறுப்புகளுக்கு வருகிறேன்.

"சம்பளப் பிரச்சினை இருக்கும்போது விளக்குப் பிரச்சினையா?" 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,350 ரூபா ஆக்கியது. அதற்கு எத்தனை வருடம் போராடினோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே காலத்தில் மின் கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரி 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம் ஏறியது. குறைந்த அலகு பாவிக்கிற வீடுகளுக்குத்தான் ஏற்றம் கடுமையாக விழுந்தது. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கம்பி வந்த வீட்டிலும் வெளிச்சம் நிச்சயம் இல்லை என்றாகிவிட்டது. வன்னியில் "வடக்கின் வசந்தம்" கம்பி இழுத்த பிறகும் காணிப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் இருக்கின்றன. தோட்டத்தில் லயத்துக்கு இணைப்பு எடுக்க நிர்வாகத்தின் கடிதத்துக்காகக் காத்துக்கிடக்கிறார்கள். ஒரு விளக்கின் பற்றரி ஒவ்வொரு வருடமும் செத்தால் அது பல நாள் கூலி. கூடின சம்பளத்தை விளக்குக் கடையில் கொண்டுபோய்க் கொட்டுவதும் சம்பளப் பிரச்சினைதான்.

"விளக்குக் கொடுத்தால் இருட்டிலேயே வேலைக்கு இறக்குவார்கள்." இந்த மறுப்பு கனமானது, இதைச் சொல்கிற தோழர்களை நான் மதிக்கிறேன். டேவி விளக்கு வந்த பிறகு, முன்பு ஆபத்து என்று ஒதுக்கிய வாயு நிறைந்த பகுதிகளையும் முதலாளிகள் தோண்டத் தொடங்கினார்கள், விபத்து நிற்கவில்லை. விளக்கு தொழிலாளியைக் காப்பாற்ற வந்தது, முதலாளி அதை நிலக்கரிக்குப் பாவித்தான். ஆகவே விளக்குக் கோரிக்கையைத் தனியாக வைக்கக்கூடாது. விடியமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் பெரட்டுக்களத்துக்கு நடக்கிற பெண்ணுக்கு, வழிக்கும் வீட்டுக்கும்தான் இந்த விளக்கு. இதைக் காட்டி வேலை நேரத்தை ஒரு நிமிடமும் முன்னால் தள்ள முடியாது, தள்ளினால் மேலதிக நேரக் கொடுப்பனவு என்று எழுத்தில் வாங்க வேண்டும். எழுத்தில் வாங்காத விளக்கை வாங்கவே வேண்டாம்.

"விலை கூடிவிடும்." பியூஸ், நான்கு டயோட், வேறு வடிவ வாய், நிறுத்துகிற சுற்று எல்லாம் சேர்த்தாலும் பற்றரி விலையில் சின்னத் துண்டு. அதை மிச்சம் பிடித்துவிட்டு வருடா வருடம் பற்றரி மாற்றுவது எந்த வாய்ப்பாட்டில் சிக்கனமோ தெரியவில்லை. தேர்தலுக்கு முன் வந்து படத்தோடு பெட்டி கொடுத்துப் போகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். பெட்டியில் படம் ஒட்டக் காசு இருந்ததா, பியூஸுக்கு இல்லையா?

இவை எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது வேறொன்று. லயம் என்பது ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த தீ அடுத்த காம்பராவில் நின்று அனுமதி கேட்காது. லயத்துத் தீ விபத்துகளின் செய்தியைப் பத்திரிகைகளில் நாம் வாசிக்காத வருடம் இல்லை. பியூஸ் இல்லாத ஈயப் பற்றரியையும், காவல் சுற்று இல்லாத லிதியம் கலத்தையும், காய்ந்த விறகும் கம்பளியும் துணிமூட்டையும் இருக்கிற பத்தடிக் காம்பராவில், தூங்குகிற பிள்ளையின் தலைமாட்டில் சார்ஜில் போடுகிறோம். இலவசம் என்று கை நீட்டி வாங்கிய பெட்டி அது. தீப்பிடித்த பிறகு விசாரணைக்கு வருகிறவர் என்ன எழுதுவார் என்று உங்களுக்குத் தெரியும். "பாவனையாளரின் கவனயீனம்" என்றுதான் எழுதுவார்.

எனவே தோட்டக் கமிட்டிகளுக்கும் மாதர் அமைப்புகளுக்கும் சொல்கிறேன். நிர்வாகமோ அமைச்சோ தொண்டு நிறுவனமோ, யார் விளக்குக் கொடுக்க வந்தாலும் விநியோகத்துக்கு முன் ஒரு பெட்டியை உங்கள் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். பியூஸ் எங்கே, எந்த முனையில் இருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். சார்ஜ் வயரை விளக்கு வாயில் செருகப் பாருங்கள், போனால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். சூரியத் தகட்டின் வயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், அவர்கள் தடுத்தால் ஏன் தடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பற்றரி செத்தால் மாற்றித் தருவது யார் பொறுப்பு, எத்தனை வருடத்துக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில், பூட்டும் இலக்கமும் உள்ள சார்ஜ் அறை ஒன்றை நிர்வாகச் செலவில் கேளுங்கள். அந்த அறைக்குப் பொறுப்பாக நம் பிள்ளைகளில் ஒருவருக்குப் பயிற்சியும் சம்பளமும் கேளுங்கள்.

வீட்டில் செத்துக் கிடக்கிற விளக்குகளை எறிந்துவிட வேண்டாம். கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு திருப்புளி, ஒரு மீற்றர், ஒரு கொப்பி போதும். திறந்து பார்த்து, எது எதனால் செத்தது, பியூஸ் இருந்ததா இல்லையா, கொடுத்தவர் யார், எந்த மாதம் கொடுத்தார், எந்த மாதம் செத்தது என்று வரிசையாக எழுதுங்கள். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்தக் கொப்பியும் மேசைக்கு வரட்டும்.